பட்டயம் பெற்ற பிறகு எங்கே கற்பது? சைகை மொழிபெயர்ப்பாளருக்கும் அவர்களின் ஆசிரியருக்கும் தொடர்பயிற்சி குறித்து

கொழிஞ்சாம்பாறை மொழிபெயர்ப்பாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்து, மணமாகிக் கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்கு வந்தவள். ஏழு ஆண்டுகளாக வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சைகை மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறேன். இந்திய சைகை மொழிபெயர்ப்பில் பட்டயம் பெற்றிருக்கிறேன். மறுவாழ்வுத் துறையில் பணிபுரிபவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் மையப் பதிவேட்டிலும் என் பெயர் உண்டு. இந்தத் தகுதிகளைச் சொல்வதற்குக் காரணம், இவை அனைத்தும் இருந்தும் நான் செய்த ஒரு பிழையை இங்கே எழுதப் போகிறேன் என்பதுதான்.

பணிக்கு வந்த முதல் ஆண்டு அது. தென்னந்தோப்பில் வேலை செய்யும், ஐம்பது வயதைக் கடந்த காது கேளாத ஒருவருடன் கேரளப் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். அவருக்குக் காலில் சர்க்கரைப் புண். கட்டுப் போட்டு முடித்த மருத்துவர், கைகளைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல், "மற்றன்னாள் வரணம், கெட்டு மாற்றணம்" என்றார். என் காதில் அது 'மற்றொரு நாள்' என்று விழுந்தது. வேறொரு நாள் வந்து கட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சைகையில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். மலையாளத்தில் மற்றன்னாள் என்றால் நாளை மறுநாள். அவரோ தோப்பில் காய் பறிப்பு முடியட்டும் என்று காத்திருந்து ஒன்பது நாள் கழித்து வந்தார். கட்டைப் பிரித்தபோது எழுந்த வாடையையும், செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், அவர் என் கண்களைப் பார்த்து 'என்ன ஆயிற்று' என்று கேட்டதையும் நான் மறக்கவில்லை. கால் தப்பியது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் உள்நோயாளியாக இருந்தார். பிழை என்னுடையது என்பதுகூட, நானே சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பனி என்றால் காய்ச்சல், வெள்ளம் என்றால் தண்ணீர் என்பதை எல்லைக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆபத்து அவற்றில் இல்லை. கேட்ட மாத்திரத்தில் நம் தமிழ்ச் சொல் என்றே தோன்றி, ஐயத்துக்கே இடம் தராமல் கடந்துபோகும் சொற்களில்தான் ஆபத்து இருக்கிறது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதற்காகத் தொடர் மறுவாழ்வுக் கல்விக் கருத்தரங்குகளுக்குச் சென்று புள்ளிகள் சேர்க்கிறோம். நான் சென்றவற்றில் காது கேட்கும் கருவிகளின் வகைகள் பற்றிக் கேட்டேன், சட்டங்களின் பெயர்களைக் கேட்டேன், மாலையில் சான்றிதழையும் வாங்கினேன். மருத்துவமனையில் நான் செய்தது போன்ற ஒரு பிழையை எடுத்து மேசைமேல் வைத்து, இது எந்தக் கணத்தில் நேர்ந்தது, அந்தக் கணத்தில் மருத்துவரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. பட்டயம் இரண்டாண்டுகளில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகான முப்பது ஆண்டுகளுக்கு நாம் யாரிடம் போய்க் கற்பது? கற்பிப்பவர்கள் யாரிடம் கற்பார்கள்?

கண்ணால் கேட்பவர், பாலக்காடு

சகோதரி, நான் காது கேளாதவன். சைகை மொழி என் முதல் மொழி. தமிழ் நான் பள்ளியில் எழுத்தாகக் கற்ற மொழி. ஆகவே என் வாக்கியங்களில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காது கேளாதோருக்கென்றே அமைந்த சைகை மொழி கற்பித்தல் பட்டயம் பெற்று, மொழிபெயர்ப்பாளராகப் போகும் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வி என்னைக் குறித்தது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆசிரியர்களுக்கான மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குச் சென்றேன். பேசியவர்கள் அனைவரும் காது கேட்பவர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நான் முன்கூட்டியே எழுதியிருந்தேன். முதல் நாள் காலை மேடையோரம் நின்றிருந்தவள் என் மாணவி. முந்தைய நாள் இரவில்தான் அவளைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். மாற்று ஆள் இல்லாமல் அவள் ஒருத்தியே மூன்று மணி நேரம் நின்றாள். இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை இது. முக்கால் மணி நேரம் கடந்ததும் அவள் கைகள் தாழ்ந்தன. வாக்கியங்களின் கடைசிச் சைகைகள் மெல்ல மெல்ல உதிரத் தொடங்கின. நம் சைகை மொழியில் 'இல்லை', 'கூடாது' போன்றவை வாக்கியத்தின் இறுதியில் வருபவை. இறுதி உதிர்ந்தால் மறுப்பும் சேர்ந்து உதிர்ந்துவிடும். மாணவரின் சைகைப் பிழையை வகுப்பின் நடுவே எல்லோர் முன்னும் திருத்தக் கூடாது என்று பேச்சாளர் சொன்னதை, திருத்த வேண்டும் என்று நான் பெற்றுக்கொண்டேன். மதியம் அச்சிட்ட குறிப்பைப் படித்தபோதுதான் அது நேர் எதிராக மாறியிருப்பது தெரிந்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் அவளுடைய செய்முறைத் தேர்வுக்கு நானே மதிப்பீட்டாளராக அமர்ந்தேன். தன்னை மதிப்பிடப்போகும் ஆசிரியருக்கு முன்னால் மூன்று மணி நேரம் தனியாக நின்று மொழிபெயர்க்க நேர்ந்த மாணவி எந்த அச்சத்தோடு நின்றிருப்பாள்! ஆசிரியனுக்கான பயிற்சி, அவனுடைய மாணவியின் தளர்ந்த கைகள் வழியாகத்தான் அவனுக்கு வந்து சேர வேண்டும் என்றால், அந்தப் பயிற்சியின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது.

அகராதியைப் பற்றியும் ஒரு சொல். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015 செப்டம்பர் 28 அன்று டெல்லியில் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்தது. 2021இல் 10,000 சொற்களை எட்டியது. இது பெரிய பணி. நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் தொடர்கல்வி என்றால் புதிய சைகைகளைச் சேர்த்துக்கொண்டே போவது என்று எண்ணிவிடுகிறார்கள். என் வகுப்பில் ஒரு மாணவரின் கைகள் அகராதிப் படங்களைப் போலவே துல்லியமாக இருந்தன. முகம் மட்டும் அசையவே இல்லை. 'மருந்து சாப்பிட்டாயா' என்பதற்கும் 'மருந்து சாப்பிட்டாய்' என்பதற்கும் கைகள் ஒன்றே. புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்று முன்னால் நீட்டினால்தான் அது கேள்வி. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எனக்குக் கூற்றாகவே வந்தது. ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர் அவர். அதுவரை எந்தக் காது கேளாதவரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. எங்கள் மக்கள் மொழிபெயர்ப்பாளரிடம் குறை சொல்ல அஞ்சுவார்கள். அடுத்த முறை வராமல் போய்விடுவாரோ என்ற அச்சம்தான் காரணம்.

நகரி சிறப்பாசிரியர்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் ஆந்திர எல்லையில், திருத்தணிக்கு அப்பால் உள்ள நகரியில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையில் சித்தூர் என்று யாராவது எழுதினால் கேரளச் சித்தூரா, எங்கள் ஆந்திரச் சித்தூரா என்று சேர்த்தே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே ஒருவர் தனிச்செய்தியில் குழம்பிவிட்டார்.

உங்கள் மற்றன்னாளுக்கு இணையாக எங்கள் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று பொருள். "ஆபரேஷன் அவசரம்" என்று தெலுங்கு மருத்துவர் சொன்னால், அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள். உடனே செய்தாக வேண்டும் என்பது அல்ல. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே விரைவைக் குறிக்கும் சைகையில் காட்டிவிட்டால், அந்தக் குடும்பம் அன்றிரவே நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடும். இப்படிக் கிளம்பிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன்.

நான் மொழிபெயர்ப்பாளன் அல்ல; காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியன். ஆனால் எங்கள் பகுதியில் காவல் நிலையத்தில் இருந்து அழைப்பு வந்தால் பள்ளி என்னைத்தான் அனுப்புகிறது. சட்டம் இதற்கு இடம் தருகிறது என்பது உண்மைதான். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மாற்றுத்திறன் உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்பாசிரியரின் உதவியையோ, அந்தக் குழந்தையின் தொடர்பு முறையை அறிந்தவரின் உதவியையோ பெறலாம் என்கிறது. வாய்மொழியாகப் பேச இயலாத சாட்சியிடம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் துணையுடன் வாக்குமூலம் பெற்று, அதைக் காணொலியாகவும் பதிவு செய்ய வேண்டும் என்று 2013இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 125ஆம் பிரிவாக இருக்கிறது. அழைக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அழைக்கப்படுபவருக்கான பயிற்சிதான் எங்கும் இல்லை.

ஆசிரியனின் பழக்கம் அங்கே எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை நானே உணர்ந்த ஒரு கணத்தைச் சொல்கிறேன். நம் சைகை மொழியில் 'யார்' என்று கேட்க, முகத்தைக் குறிக்கும் சைகையையும் 'என்ன' என்ற சைகையையும் சேர்த்துக் காட்டுவோம். எண்ணும் என்னவும் சேர்ந்தால் 'எத்தனை'. இடமும் என்னவும் சேர்ந்தால் 'எங்கே'. அதிகாரி "யார்?" என்று கேட்டார். நான் அதைக் கேட்டேன். அந்தச் சிறுமி விடை சொல்லாமல் தரையைப் பார்த்தாள். வகுப்பில் பிள்ளை விழித்தால் ஆசிரியன் என்ன செய்வான்? விடைகளை எடுத்துக் கொடுப்பான். என் கை தானாகவே உயர்ந்து, 'மாமாவா, பக்கத்து வீட்டாரா' என்று வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது. முதல் சைகையிலேயே நிறுத்திக்கொண்டேன். ஆயினும் அந்த ஒரு சைகை காணொலியில் பதிவாகிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டால் அந்தக் குழந்தையின் வழக்கே ஆட்டம் காணும். திறந்த கேள்வியைத் திறந்த கேள்வியாகவே கொண்டுசேர்ப்பது, மௌனத்தை மௌனமாகவே விட்டுவைப்பது, பிள்ளைக்குக் கேள்வி புரியவில்லை என்று தோன்றினால் அதை நானே எளிமையாக்கிக்கொள்ளாமல் அதிகாரியிடம் சொல்லிவிடுவது ஆகியவற்றை எனக்கு யாராவது கற்றுத் தரவேண்டும் என்று பல ஆண்டுகளாக ஏங்குகிறேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர், பொள்ளாச்சி

அம்மணி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் புள்ளி முறையைப் பற்றி மட்டும் நான் மாறுபட வேண்டியிருக்கிறது.

புள்ளிகள் இல்லாத காலத்தையும் கண்டவன் நான். பள்ளியில் பிள்ளைகள் கையசைத்தால் கையைப் பின்னால் கட்டி உட்காரவைத்த ஆசிரியர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். உதட்டைப் படி, வாயைத் திற என்பதே அன்றைய கல்வி. மொழிபெயர்ப்பாளர் என்றால் கைமாறு எதிர்பார்க்காத ஏதோ ஒரு உறவினர் என்றுதான் பொருள். மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992இல் வந்து, பின்னர் 2000களின் தொடக்கத்தில் செவித்திறன் குறைந்தோருக்கான மும்பை அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் சைகை மொழிப் பிரிவு உருவாகி, படிநிலைப் பயிற்சிகள் தொடங்கிய பிறகே இது ஒரு தொழில் என்ற எண்ணமே வந்தது. கட்டாயம் இல்லாவிட்டால் பெரும்பாலானோர் பட்டயத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதோடு படிப்பை முடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் பதிவகம் தன் உறுப்பினர்களிடம் நான்காண்டுகளுக்கு 80 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறது. அதில் 60 மணி நேரமாவது தொழில் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கும் கட்டாயம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. தேசிய அளவிலான பாடத்திட்டம் கொழிஞ்சாம்பாறைக்கென்று ஒரு பாடத்தையும் நகரிக்கென்று ஒரு பாடத்தையும் வைக்க முடியாது. கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997 முதல் நிஷ் எனப்படும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. இரு இடங்களிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து அங்கே போவதற்கு எத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை மொழிபெயர்ப்பாளர்

ஐயா, கட்டாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெளிவாக எழுதாதது என் குறை. எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதே என் கேள்வி. நீங்கள் சொன்ன 80 மணி நேரத்தில் 60 மணி நேரம் தொழில் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்ற அந்தப் பிரிப்பே நான் கேட்பதற்கு மிக அருகில் வருகிறது. நாற்காலியில் அமர்ந்து கேட்ட மணிநேரமும், காது கேளாத ஆசிரியர் ஒருவர் என் காணொலியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து என் புருவத்தைத் திருத்திய மணிநேரமும் ஒரே புள்ளியாக எண்ணப்படுவதுதான் எனக்கு வருத்தம். போய்வருவதற்கு ஆயத்தமா என்று கேட்டீர்கள். பெரியநாயக்கன்பாளையத்துக்குக் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆக்குளம் எங்களுக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். இருந்தாலும் அங்கே என் பிழைகளுக்கு விடை கிடைக்கும் என்றால் நடந்தே போவேன்.

இங்கே நாங்கள் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவருவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, தமிழ் வழிப் பள்ளி ஒன்றின் மாடி அறையில் கூடுகிறோம். முதலில் நான்கு பேர், இப்போது ஒன்பது. 'கண்ணால் கேட்பவர்' ஐயாதான் நடத்துகிறார். பேச்சு கிடையாது, அறைக்குள் வந்ததிலிருந்து எல்லாம் சைகைதான். ஒருவர் அந்த மாதத்தில் தனக்கு நேர்ந்த இடறல் ஒன்றைச் சொல்வார். ஆளின் அடையாளம் தெரியக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம். இது எழுதுவதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். காது கேளாதோர் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் சைகைப் பெயர் உண்டு. கன்னத்து மச்சம், நெற்றி வடு, நடக்கும் விதம் என்று ஏதோ ஒன்றிலிருந்து அது பிறந்திருக்கும். ஒருமுறை கதை சொன்னவர் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் அவர் நடந்ததை நடித்துக் காட்டிய விதத்திலேயே அறையில் மூவர் ஆளைக் கண்டுகொண்டார்கள். சிற்றூரில் இரகசியம் காப்பது என்பது பெயரை மறைப்பதோடு முடிவதில்லை என்று அன்று கற்றோம். இப்போது வயது, பால், இடம், நோய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, மொழியில் நேர்ந்த இடறலை மட்டும் மாற்றாமல் சொல்கிறோம்.

பிறகு பயிற்சி. ஐயா பத்து நிமிடம் ஒரு நிகழ்ச்சியைச் சைகையில் சொல்வார். ஒருவர் தனி அறையில் அதைப் பார்த்துத் தமிழில் ஒலிப்பதிவு செய்வார். தமிழ் அறிந்த மலையாளி ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டு, காவல் நிலைய எழுத்தர் எழுதுவதைப் போல மலையாளத்தில் எழுதுவார். எங்கள் பகுதியில் உண்மையாகவே நடப்பது இதுதான்: தமிழ்க் குடும்பத்துக் காது கேளாதவரின் சைகை, மொழிபெயர்ப்பாளரின் வாயில் தமிழாகி, எழுதுபவரின் கையில் மலையாளமாகிறது. பின்பு அந்த மலையாளத்தை மீண்டும் சைகையாக்கி ஐயாவிடமே காட்டுவோம். தாம் சொன்னது எங்கே எப்படி மாறியது என்று அவர் சுட்டிக்காட்டுவார். முதல் முறை காட்டியபோது, அவர் கதையில் கடனைத் திருப்பித் தர மறுத்த ஆள் கடனைக் கொடுத்தவராகவே மாறியிருந்தார். தமக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில், கொடுத்தவரை இடப்பக்கத்திலும் வாங்கியவரை வலப்பக்கத்திலும் அவர் நிறுத்திவைத்திருந்தார். மொழிபெயர்த்தவர் பக்கங்களைக் கவனிக்காமல் கைகளை மட்டும் கவனித்திருக்கிறார்.

மூன்றாவதாக ஓர் ஏடு வைத்திருக்கிறோம். இரு மொழிகளிலும் ஒலியால் ஒத்து, பொருளால் மாறும் சொற்களை அதில் எழுதுகிறோம். மற்றன்னாள் முதல் பக்கத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் "விரோதமில்ல" என்றால் ஆட்சேபணை இல்லை என்றுதான் பொருள். பகை இல்லை என்று காட்டிவிட்டால் நிலத் தகராறில் அது சமாதான உடன்படிக்கையாகவே ஆகிவிடும். செவித்திறன் பரிசோதனை நிலையத்தில் "சம்சாரம்" என்றால் பேச்சு. மனைவியைப் பற்றிய கேள்வி அல்ல. தம்பி, உங்கள் 'அவசர'த்தையும் இன்று சேர்த்துக்கொண்டேன்.

இந்த ஞாயிறுகளுக்கு எங்களுக்கு ஒரு புள்ளியும் கிடையாது.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தாய்

என் மகளுக்குப் பதினோரு வயது. அவளுக்குக் காது கேட்காது. நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் படித்து ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் வந்து நின்றால், அவர் முறையாகப் படித்தவரா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படி அறிவது? எனக்கு அவர் கையசைப்பது மட்டும்தான் தெரியும். சரியாக அசைக்கிறாரா என்பது என் மகளுக்குத்தான் தெரியும். அவளோ யாரையும் குறை சொல்ல மாட்டாள்.

கொழிஞ்சாம்பாறை மொழிபெயர்ப்பாளர்

அம்மா, அவருடைய மையப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். தகுதி பெற்றவர் அதற்கு வருந்த மாட்டார். பணி தொடங்கும் முன் மகளோடு ஐந்து நிமிடம் பேசிப் பழக அவர் விரும்புகிறாரா என்பதையும் பாருங்கள். நேராக வந்து கையசைக்கத் தொடங்குபவரைவிட, குழந்தையின் சைகை எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்பவரை நம்பலாம். முடிந்த பிறகு மகளிடம் தனியாக, 'அவர் சொன்னது புரிந்ததா' என்று கேட்காமல், 'அவர் என்ன சொன்னார், எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். புரிந்ததா என்றால் குழந்தைகள் தலையை ஆட்டிவிடுவார்கள்.

கண்ணால் கேட்பவர், பாலக்காடு

பொள்ளாச்சி ஐயா சொன்னதில் ஒன்றை நான் ஏற்கிறேன். தேசியப் பாடத்திட்டம் எல்லையின் எல்லாச் சொற்களையும் சுமக்க முடியாது. ஆனால் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இந்திய சைகை மொழி நாடெங்கும் தரப்படுத்தப்படும் என்று சொல்லும் அதே இடத்திலேயே, வட்டாரச் சைகை மொழிகள் மதிக்கப்படும், இயன்ற இடங்களில் கற்பிக்கவும்படும் என்று சொல்லியிருக்கிறது. முதல் பாதிக்கு அகராதி கிடைத்தது, பட்டயம் கிடைத்தது. இரண்டாம் பாதியை யார் செய்வது? கேரளச் சித்தூர் வட்டத்தில் பள்ளிக்கே போகாமல் வயல்களிலும் கள்ளுத் தோப்புகளிலும் முதுமை அடைந்த காது கேளாதோர் இருக்கிறார்கள். அவர்கள் மடை திருப்புவதற்கும், பாளை சீவுவதற்கும், கூலி பிடித்தம் செய்யப்பட்டதற்கும் காட்டும் சைகைகளை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை. பட்டயம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அவர்கள் முன்னால் நின்றால், அவர்தான் கல்லாதவர். அவர்களை ஆசிரியர்களாக அழைத்து வந்து, பேச்சாளருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவர்களுக்கும் தந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். காது கேளாதவர்கள் எதையும் இலவசமாகக் கற்றுத் தருவார்கள் என்ற எண்ணம் நம் துறைக்குள்ளேயே இருக்கிறது. அது என்னை நெடுநாள் புண்படுத்தியிருக்கிறது.

2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் காணொலி வழியாக உச்ச நீதிமன்றத்தின் முன் தோன்றினார். அந்தச் செய்தியை வகுப்பில் காட்டியபோது என் மாணவர்கள் கைகளை உயர்த்தி அசைத்துப் பாராட்டினார்கள். நான் அவர்களிடம் மொழிபெயர்ப்பாளரையும் கவனிக்கச் சொன்னேன். அந்த நிலைக்கு ஒருவரை ஆயத்தப்படுத்த எத்தனை ஆண்டுகள், எத்தனை காது கேளாத ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்று அன்று முழுவதும் பேசினோம்.

நகரித் தம்பிக்கு: இந்த ஞாயிறு நீங்களும் காணொலி வழியாக எங்களோடு சேருங்கள். வாக்குமூலம் பெறுவது பற்றி எடுத்துக்கொள்வோம். நீங்கள் உயர்த்திய அந்தக் கையிலிருந்தே தொடங்கலாம். சன்னலுக்கு முதுகு காட்டி அமர வேண்டாம், முகம் இருண்டுவிடும். வெற்றுச் சுவருக்கு முன்னால், கோடு போடாத அடர்நிறச் சட்டையில் அமருங்கள். இடுப்புக்கு மேல் முழுவதும் திரையில் தெரிய வேண்டும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர், பொள்ளாச்சி

நானும் வருகிறேன். புள்ளி வழங்கும் தகுதி பெற்ற நிறுவனங்களில் எனக்கு இன்னும் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஞாயிறு வகுப்பைப் பார்த்து, என்ன செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம், யார் நடத்துகிறார் என்று முறையாக எழுதித் தந்தால், அதை ஒரு நிகழ்ச்சியாக ஏற்கும்படி விண்ணப்பிக்க முயல்கிறேன். உறுதி தர இயலாது; முயற்சி செய்கிறேன். பேச்சு இல்லாத அறையில் என் சைகை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை மொழிபெயர்ப்பாளர்

மகிழ்ச்சி, ஐயா. பத்து மணிக்கு முன்பே வந்துவிடுங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. முதல் பதிவில் நான் எழுதிய பெரியவரை இன்று மாலை தோப்பில் போய்ப் பார்த்தேன். நடந்ததை இங்கே எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, எழுதியதை முழுவதும் சைகையில் காட்டி, அவருடைய சம்மதத்தைப் பெற்றேன். எங்கள் அறைக்கு வந்து, மருத்துவமனையில் தமக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்பதை மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தாமே சொல்ல முடியுமா என்று கேட்டேன். அன்றைய கூலிக்குக் குறையாமல் மதிப்பூதியம் தருவோம் என்றும் சொன்னேன். அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு இரண்டு விரல்களை முன்னோக்கி நகர்த்தி, புருவத்தை உயர்த்தி, 'நாளை மறுநாளா?' என்று கேட்டார்.

ஆம், ஞாயிறு நாளை மறுநாள்தான் என்றேன்.